தென்கரைப் பாட்டு

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்த பிறகும் தண்ணீருக்கு ஒரே குளத்தைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்தக் குளத்தின் வடகரையில் மரகதம் என்ற ஆட்காட்டிக் குருவி மகளோடும் புருஷனோடும் குடியிருந்தாள். ஆபத்து வந்தால் கத்தி ஊரைக் கூட்டுவது அவள் குலத்தொழில்.

ஒருநாள் புருஷன் புழு பொறுக்கத் தென்கரைக்குப் போனான். அங்கே கட்டை மாதிரி கிடந்த முதலை வாயைத் திறந்தது, மூடியது. அவ்வளவுதான்.

மரகதம் காடு முழுக்கப் பறந்து கத்தினாள். “இவளுக்கு இதே வேலை” என்று மான்கள் தலையைக்கூடத் தூக்காமல் மேய்ந்தன. அழுது முடித்த பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கத்தினால்தானே காதை மூடுகிறார்கள்? மெட்டுப் போட்டாள்.

“தென்கரைப் பக்கம் போகாதே,
முதலை வாய் திறந்திருக்கு!”

பாட்டு பிடித்துக்கொண்டது. அணில்கள் அதைக் கிளை கிளையாகக் கொண்டுபோயின. செத்தவனுக்கு ஏதோ செய்துவிட்டோம் என்று மரகதம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மழைக்காலம் வந்தது. இரைச்சலில் தவளைகளுக்கு இரண்டாம் அடி “முதல்ல வா, திறந்திருக்கு” என்று கேட்டது. கேட்டதைக் கேட்டபடி பாடின. பிறகு பாட்டு கோதண்டத்திடம் போனது. கோதண்டம் குரங்கு, சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவன். கல்யாண வீட்டில் “போகாதே” என்று பாடினால் யார் கூலி கொடுப்பார்கள்? “போவோமே” என்று மாற்றி, அடிக்கு அடி தவிலைச் சேர்த்தான்.

மான் வீட்டுக் கல்யாணத்தில் கூட்டமே குதித்தது.

“தென்கரைப் பக்கம் போவோமே,
முதல்ல வா, திறந்திருக்கு!”

மரகதம் ஸ்பீக்கர் மேல் போய் உட்கார்ந்தாள். “டேய் கோதண்டம், நிறுத்துடா! இது நான் கட்டின பாட்டு. முதலைடா, முதல்ல இல்ல!”

“பாட்டை ஒருத்தர் கட்டுறதில்லக்கா. இது மக்கள் பாட்டு” என்றான் அவன்.

“நல்ல காரியத்துல வந்து என்னம்மா இது?” என்று பெண்ணைப் பெற்ற மான் முகம் சுளித்தது.

மரகதம் தொண்டை கிழிய முதல் பாட்டைப் பாடிக் காட்டினாள். கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த அவள் மகளே ஓடிவந்தாள். “அம்மா, தப்பு தப்பா பாடுற. மானத்தை வாங்காத.”

சாப்பாடு முடிந்ததும் மான் வீட்டுக் கூட்டம் போட்டோ எடுக்கத் தென்கரைக்குக் கிளம்பியது. பாட்டில் வந்த இடமாயிற்றே. மாப்பிள்ளை மட்டும் திரும்பி வந்தான், அதுவும் வாலில்லாமல். அவன் அழுத வீடியோவை ஊரே பகிர்ந்தது. பின்னணியில் அதே பாட்டைத்தான் போட்டிருந்தார்கள்.

மரகதம் கூட்டுக்குள் முடங்கிக் கிடந்தாள். கிடந்தவளுக்குத் திடீரென்று புத்தி வேலை செய்தது. போகாதே என்றால் போவோமே ஆக்குகிற கூட்டம் இது. அப்படியானால் வா என்று பாடினால் வராதே ஆக்காதா? தானாகத் திரிந்து மாறட்டும் என்று இருக்கிற வித்தையெல்லாம் கொட்டி இன்னொரு பாட்டுக் கட்டினாள்.

“தென்கரைக்கு வாங்க வாங்க,
பிள்ளைகுட்டியோடு வாங்க!”

பிறகு காது கொடுத்துக் காத்திருந்தாள். அணில்கள் பாடின, அப்படியே இருந்தது. அடைமழையில் தவளைகள் பாடின, அப்படியே இருந்தது. கடைசி நம்பிக்கையாகக் கோதண்டத்திடம் போய், “நீயாவது ஏதாச்சும் மாத்தக் கூடாதாடா?” என்று கெஞ்சினாள்.

அவன் கண்ணில் தண்ணீர். “வேணாங்க்கா. இதுல கை வைக்க எனக்கு மனசு வரல.”

அன்று சாயங்காலம் தென்கரைப் பக்கமிருந்து கனத்த குரல் ஒன்று அதைப் பாடுவது கேட்டது. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

நீதி: ஊரைக் காப்பாற்ற நினைப்பவர்கள் தயவுசெய்து மெட்டை மட்டமாகப் போடவும்.