எனக்கு முன்னால் நிற்பவர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். டாக்டர் சொன்ன பயிற்சியை நீ செய்யவில்லை என்றும் நம்புகிறேன். இப்போது பிற்பகல் இரண்டு மணி. மாலை ஐந்து மணிக்கு என் புதுக் கார் என் கையை விட்டுப் போய்விடும். அதைத் தடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நடந்ததை ஒருவராவது ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வருடம் என் மகன் பழைய வண்டியை விற்றபோது நீயும் இருந்தாய். "இதோட போதும்மா, எழுபத்தாறு வயசாச்சு. ஒரு டிரைவர் வெச்சுக்கலாம்" என்றான். மின்சாரக் காருக்குப் பதிவு செய்திருக்கிறேன் என்றேன். "சரி, அது வந்தா நீங்களே ஓட்டுங்க. தவறிப்போச்சுன்னா டிரைவர்தான்" என்றான். கைகுலுக்கினோம். நீதான் சாட்சி; வாய் நிறைய பிஸ்கட் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாய். உன் அத்தான் இருந்த முப்பத்தெட்டு வருடமும் வண்டி ஓட்டியது நான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னார், பாதி தவறாக. இனிமேல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பின் சீட்டில் உட்கார்ந்து, யாரோ ஒருவனுடைய பிடரியைப் பார்த்தபடி போவது என்னால் ஆகிற காரியம் இல்லை.

பதினான்கு மாதம் காத்திருந்தேன். தினமும் காலையில் பல் துலக்கியதும் கம்ப்யூட்டரைத் திறப்பேன். மூன்று நாளைக்கு முன் மாலை ஐந்து மணிக்கு மின்னஞ்சல் வந்தது: உங்கள் முறை வந்துவிட்டது, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் நிறம், பேட்டரி, இருக்கை, சக்கரம் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஆர்டரை உறுதி செய்யவும், தவறினால் உங்கள் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று. பக்கத்தைத் திறந்தால் மூலையில் ஒரு சிவப்புக் கடிகாரம், நொடி நொடியாகக் குறைகிறது. ஒன்பது நிறம்; அதில் நான்கு வெள்ளை, நான்குக்கும் நான்கு பெயர். பெரிய பேட்டரியைத் தொட்டால் துணி இருக்கை மறைந்துவிடுகிறது. துணி இருக்கையைத் திரும்பக் கேட்டால் பேட்டரி சிறுத்துவிடுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் மாமியாரோடு குடித்தனம் செய்தவள் நான், இதையும் சமாளித்திருப்பேன். பிரச்சினை அது இல்லை. கீழ்வீட்டு சர்வேயர்.

சர்வேயரை உனக்குத் தெரியும், படியில் உன்னிடம் நில அளவை பற்றி முக்கால் மணி நேரம் பேசினாரே, அவர்தான். கார் கம்பெனியில் பதிவு செய்த அன்று அவர் எனக்கு முன்னால் நின்றார். அவருக்கு எண் நூற்றுப்பதினேழு, எனக்கு நூற்றுப்பதினெட்டு. "நீங்க முன்னாடி வாங்க மேடம்" என்று இடம் கொடுத்தார். நான் போகவில்லை. கான்வென்ட்டில் தண்ணீர்க் குழாய் முன்னால் எங்களை வரிசையில் நிற்கவைத்த சிஸ்டர் சொல்வார், முன்னால் நிற்பவளைத் தாண்டிய கால் நேராக நரகத்துக்குத்தான் போகும் என்று. நா வறண்டு போனாலும் தாண்டியதில்லை.

இப்போது எனக்கு அஞ்சல் வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு கீழே போய்க் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "ரொம்ப சந்தோஷம் மேடம்" என்றார். பொறாமை தெரியாத மனிதர். உங்களுக்கு எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்போது வரட்டும். நீங்க போடுங்க" என்றார். எப்படிப் போடுவேன்? கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"நூற்றுப்பதினேழுக்கு ஏன் அனுப்பவில்லை?" என்றேன்.

"மத்தவங்க விவரம் சொல்ல முடியாது மேடம்."

"அவர் எனக்கு முன்னால் நின்றவர்."

"உங்களுக்குத்தான் வந்துடுச்சே மேடம், அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவாம். இப்படித்தான் வளர்க்கிறார்கள். அன்றிலிருந்து காலையும் மாலையும் கீழே போய்க் கேட்கிறேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு "இன்னும் இல்லை" என்கிறார். இன்று காலை மகன் பேசினான். "ஆர்டர் போட்டாச்சாம்மா?" என்றான். இன்னும் இல்லை என்றேன். "பரவாயில்லம்மா, நல்ல டிரைவர் ஒருத்தர் இருக்கார், மெதுவாத்தான் ஓட்டுவார்" என்றான். மெதுவாக ஓட்டுவாராம். அவன் குரலில் இருந்த பரிவு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இதை எழுதும் நடுவில் மூன்று முறை எழுந்துபோய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது நான்கு மணி ஐந்து நிமிடம். ஐம்பத்தைந்து நிமிடம் மிச்சம். நான் முடிவு செய்துவிட்டேன். அவரைத் தாண்டி வாங்கிய வண்டியை அவர் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி வைக்க என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரும்போது நீயே என் மகனிடம் சொல்லிவிடு: அக்கா கொடுத்த வாக்கை மீறவில்லை, டிரைவரை அனுப்பட்டும் என்று. நான் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

உன் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் என் ஆசிகள். உன் மனைவி நூறு வயது வாழட்டும். உன்னைப் பொறுத்துக்கொள்ள அத்தனை வருடமும் வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் உன் முழங்கால் தவிர எதுவும் செல்லாது. நான்கு பக்கத்தைக் கிழிக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன்.

பிற்பாடு கேள்விப்பட்டு சர்வேயர் சங்கடப்படக்கூடாதே என்று, காரை விட்டுவிட்டதைச் சொல்லக் கீழே போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "எவ்வளவு நேரம் இருக்கு?" என்றார். இருபத்தாறு நிமிடம் என்றேன்.

"மேடம், நான் ரத்து பண்ணி மூணு மாசமாச்சு. கண் டாக்டர் இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்கன்னுட்டார். நான் வரிசையிலயே இல்லை."

"ஏன் சொல்லவில்லை?"

"சர்வேயருக்குக் கண்ணு போச்சுன்னு எப்படிச் சொல்லிக்கிறது? உங்களுக்கு வண்டி வந்ததும், வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்களான்னு மெதுவாக் கேக்கலாம்னு இருந்தேன்."

திட்டுவதற்கு நேரம் இல்லை. அவர் கைப்பிடியைத் தடவியபடி முன்னால் ஏற, நான் பின்னால் ஏறினேன். பேட்டரி, இருக்கை, சக்கரம் எல்லாம் எட்டு நிமிடத்தில் முடிந்தது. நிறத்தில் என் விரல் நின்றுவிட்டது. அவரைக் கேட்டேன். திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு, "மஞ்சள்னா ஜன்னல்லேருந்து எனக்குத் தெரியும்" என்றார்.

ஆறு நிமிடம் மிச்சம் இருக்கும்போது ஆர்டர் உறுதியானது. என் மகனிடம் நீ ஒன்றும் சொல்லவேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன். நிறத்தை மட்டும் நானும் சொல்லப்போவதில்லை. அவன் வந்து பார்க்கட்டும்.