உன் ரசமட்டத்தை நீயே வைத்துக்கொள்

பிராங்கன் டிரா, வயோமிங்
செப்டம்பர் மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள மைத்துனன் டெல்பர்ட்டுக்கு,

உன் அக்காள் புருஷன் ஆரின் எழுதிக்கொள்வது. ஒமாஹாவில் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் ஒரு குறையுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா லூயெல்லா சுகம். மாடுகள் சுகம். காற்று வழக்கம்போல அடித்துக்கொண்டிருக்கிறது. நான் ஒருவன்தான் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. அம்மாம்பெரிய அட்டைப்பெட்டிக்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சாமான். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே ரசமட்டம், அதன் குட்டி. துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப் குழாயைக் கவ்விக்கொள்ள ஒரு வளையம், உள்ளே பச்சைத் தண்ணீர், அதில் ஒரு குமிழி. கூடவே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "அத்தான், துப்பாக்கி துளி சாய்ந்தாலும் ஆயிரம் கெஜத்தில் குண்டு அந்தப் பக்கமாக அடிக்கணக்கில் விலகிவிடும். இப்போது எல்லாரும் இதை மாட்டிக்கொண்டுதான் சுடுகிறார்கள்." டெல்பர்ட், நான் யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இந்த மாவட்டத்துச் சரளைச் சாலைகளையெல்லாம் முப்பது வருஷம் கிரேடர் வண்டியில் உட்கார்ந்து இழைத்து மட்டமாக்கியவன் நான். எது மட்டம், எது கோணல் என்று என் இடுப்பே எனக்குச் சொல்லும். எனக்குப் போய் ரசமட்டம் அனுப்புவது போதகருக்கு ஞாயிறு பள்ளிப் பாடப்புத்தகம் அனுப்புவது மாதிரி. அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். உன் அக்காதான், "தம்பி ஆசையா அனுப்பிருக்கான், மாட்டித்தான் பாரேன், உன் கௌரவம் ஒண்ணும் தேஞ்சு போயிடாது" என்றாள். எல்லாம் அங்கே ஆரம்பித்தது.

எங்கே மாட்டுவது என்று நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. முதலில் கண்ணுக்குப் பக்கத்தில் மாட்டினேன். எனக்கு வெள்ளெழுத்து என்று உனக்குத் தெரியாதா? பச்சைத் தண்ணீர் ஒரு புகைமூட்டமாகத் தெரிந்தது, குமிழியைக் காணவே காணோம். மூக்குக்கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கலாம் என்று தலையைத் தூக்கினால் குமிழி தெரிகிறது, ஸ்கோப்புக்குள் இருட்டடித்துவிடுகிறது. சரி என்று வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். தோட்டாவை ஏற்ற போல்ட் கைப்பிடியைத் தூக்கியபோது விரல் முட்டியில் தோல் போனது. கடைசியில் ஸ்கோப்பின் முன்பக்கமாகத் தள்ளி, இடது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தேன். அங்கே நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் நான் சின்ன வயதிலிருந்து இடது கண்ணை மூடிக்கொண்டே சுடுகிறவன். வலது கண் குறியைப் பார்க்க, இடது கண் குமிழியைப் பார்க்க, இரண்டையும் திறந்து பழகுவதற்குள் எனக்குத் தலை சுற்றி, சாப்பாட்டு மேசையில் உன் அக்காவின் காபியை என் காபி என்று எடுத்துக் குடித்துவிட்டேன்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்தது, இதை நேராக மாட்டவேண்டுமே. கராஜ் உத்தரத்திலிருந்து தூக்குக் குண்டு தொங்கவிட்டேன். கதவிடுக்கில் வருகிற காற்றில் நூல் ஆடிக்கொண்டே இருந்தது. குண்டைப் பழைய எண்ணெய் வாளிக்குள் முக்கிய பிறகுதான் நின்றது. ஸ்கோப்புக்குள் இருக்கும் நெட்டைக்கோட்டை அந்த நூலோடு ஒட்டவைத்து, துப்பாக்கியை அப்படியே இறுக்கி, குமிழி நட்டநடுவில் நிற்கும்படி உன் சாமானைத் திருகினேன். வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. பிறகு என் வழக்கப்படி துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். குமிழி விறுவிறுவென்று வலது ஓரத்துக்கு ஓடி அங்கேயே ஒட்டிக்கொண்டது. அதாவது, நான் இடது பக்கம் சாய்கிறேனாம். நான் சாய்கிறேனாம், டெல்பர்ட். கழற்றி மேசையில் வைத்து, அப்படியே முன்பின்னாகத் திருப்பியும் வைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் குமிழி, தன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதுபோல நட்டநடுவில் நின்றது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பொய்யை அசராமல் சொல்லும் சாமானை நான் இதுவரை பார்த்ததில்லை.

உன் அக்கா கதவில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் பார்த்தாள். "ரோடுன்னா நடுவுல மேடு, ரெண்டு ஓரமும் சரிவு. நீ வலது ஓரத்துச் சரிவுல உக்காந்து வண்டி ஓட்டின. விழுந்துடாம இருக்க இடது பக்கமா சாஞ்சே முப்பது வருஷம் ஓட்டிட்ட. இப்ப உனக்கு அதான் நேர்" என்றாள். இது என்னை மட்டுமல்ல, மாவட்டச் சாலைத் துறையையே அவமதிக்கும் பேச்சு. ஆனாலும் வீட்டில் சமாதானம் வேண்டுமே என்று, இனிமேல் குமிழி சொல்கிறபடியே சுடுகிறேன், அப்போது தெரியும் யார் கோணல் என்று சவால் விட்டேன்.

இனி நடந்ததைக் கவனமாகப் படி. வெர்ன் ஸ்டாக்கியை உனக்குத் தெரியும். கிராமத் தபால் வண்டி ஓட்டியவன். நான் படுத்துச் சுடுவேன், அவன் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து பெரிய தொலைநோக்கியில் புல்லையும் கானலையும் பார்த்துக் காற்று சொல்வான், அதாவது காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்று. "வலது ஒண்ணு" என்றால், குறியை ஸ்கோப்புக் கோட்டில் வலது பக்கம் ஒரு புள்ளி தள்ளி வைக்கவேண்டும். அவன் சொல்வான், நான் வைப்பேன், இலக்காக நட்ட இரும்புத் தகடு மணி மாதிரி அடிக்கும். இத்தனை காலத்தில் நாங்கள் அதற்குமேல் பேசிக்கொண்டது குறைவு. அடுத்த வாரம் சனிக்கிழமை பக்கத்து மாவட்டத்தோடு ஜோடிப் போட்டி. ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு தகடு, தகட்டுக்கு ஒரே தோட்டா, தப்பினால் தப்பினதுதான். அதற்குப் பழகத்தான் போன சனிக்கிழமை திடலுக்குப் போனோம்.

குமிழியை நடுவில் நிறுத்தினேன். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், கழுத்து பிடித்துக்கொண்டது. வெர்ன் காற்று சொன்னான், சுட்டேன்.

"வலது பக்கம் போச்சு" என்றான்.

அடுத்த தகடு. அதற்கும் வலது பக்கம், இன்னும் கொஞ்சம் அதிகம். அதற்கடுத்ததும் அப்படியே. ஆயிரம் கெஜத்துத் தகட்டுக்கு அவன் "வலது ஒண்ணரை" என்றான். தகட்டுக்கு வலது பக்கம் ஒரு முழம் தள்ளிப் புழுதி கிளம்பியது.

"நீ சொன்ன காத்து தப்பு" என்றேன்.

"காத்து சரியாத்தான் இருக்கு. நீதான் துப்பாக்கிய ஒருபக்கமா இழுத்துட்ட."

"நான் இழுக்கல. குமிழி நடுவுலதான் நின்னுது."

"அது யாரு குமிழி?"

"என் மைத்துனன் குமிழி. நீ கண் டாக்டரப் பாருய்யா. தபாலையும் இப்படித்தான் குடுத்திருப்ப போல, ஆரின் வீட்டுக் கடுதாசி அடுத்த வீட்டுப் பெட்டியில."

அதை நான் சொல்லியிருக்கக்கூடாது. சொன்னது நானே என்றாலும், சொல்லவைத்தது உன் சாமான். வெர்ன் எழுந்தான். தொலைநோக்கிக்கு மூடி போட்டான், முக்காலியை மடக்கினான், வண்டியில் ஏறிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் எனக்குப் போன் பண்ணவில்லை. காபிக்கடையில் எங்கள் ஜன்னலோர மேசைக்கு வராமல், கல்லாப் பக்கம் உயர ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். பரிமாறுகிற பெண் வழக்கம்போல என் மேசையில் இரண்டு தட்டு ஆப்பிள் பை பலகாரம் வைத்துவிட்டாள். இரண்டையும் நானே சாப்பிட்டேன். கிளப் செயலாளர் போன் பண்ணி, வெர்ன் வராவிட்டால் ஒரு பல் டாக்டரை ஜோடி சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். அந்த மனிதர் காற்றைப் போனில் பார்த்துச் சொல்வாராம். நான் அதற்குப் பதில் துப்பாக்கியை விற்றுவிட்டுத் தூண்டில் வாங்கிக்கொள்வேன்.

எனக்கு வெர்ன் வேண்டும், டெல்பர்ட். இதைவிடப் பச்சையாக எழுத எனக்குத் தெரியாது. போய் மன்னிப்புக் கேள் என்கிறாள் உன் அக்கா. கெட்டுப்போனது சாமான், மன்னிப்பு நான் கேட்கவேண்டுமா? ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் நீ வண்டியை எடுத்துக்கொண்டு போட்டிக்கு முன்னால் இங்கே வந்து, வெர்ன் வீட்டு வாசலில் நின்று, நான் அனுப்பிய ரசமட்டம் கோணல், என் அத்தான்மேல் தப்பில்லை என்று உன் வாயால் சொல்லவேண்டும். போகும்போது அந்தச் சாமானையும் எடுத்துக்கொண்டு போகவேண்டும். வராவிட்டால் இனி நமக்குள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையோடு சரி.

ஆண்டவர் உன் வீட்டுக்கூரையையும் அதன்கீழ் இருப்பவர்களையும் காப்பாராக. உனக்குத் தனியாகக் கொஞ்சம் நல்ல புத்தியும் தருவாராக. பிள்ளைகளுக்கு முத்தம். லூயெல்லா உனக்குப் பீச் ஜாம் அனுப்புகிறாள், வேண்டாம் என்று நான் சொன்னதையும் மீறி.

மன வருத்தத்துடன்,
ஆரின் ஹால்வர்சன்

பின்குறிப்பு: தபால்தலை இல்லாததால் கடிதம் நேற்றுப் போகவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மேலே எழுதியதில் லூயெல்லா சுகம், மாடுகள் சுகம் என்ற இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடு. காலையில் வெர்ன் தானாகவே வந்தான். வாசலில் நின்றபடி, "என் காலத்துல ஒரு கடுதாசி வீடு மாறிப் போனதில்ல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தெரியும்யா, நான் பேசினது தப்பு" என்றேன். லூயெல்லா அவனை உள்ளே இழுத்து உட்காரவைத்து, "அன்னைக்கு ஆயிரம் கெஜத்துக்கு ஒண்ணரைன்னு எப்படிச் சொன்ன வெர்ன்?" என்று கேட்டாள். அவன் கூச்சப்படாமல், "காத்துக்கு ஒண்ணு, ஆரினுக்கு அரை" என்றான்.

ஆரினுக்கு அரை என்றால் என்ன என்று கேட்டேன். "நீ இடது பக்கம் சாஞ்சு சுடுவேல்ல. குண்டும் இடது பக்கம் போகும். அதுக்குத்தான் வலதுல அரை கூட்டிச் சொல்லுவேன். தகடு கிட்ட இருந்தா கொஞ்சம் கம்மி" என்றான், ஏதோ ஊரே அறிந்த விஷயம் மாதிரி. குமிழி மாட்டினதைப் பார்த்த பிறகும் ஏன்யா கூட்டினாய் என்றால், "மாட்டினதப் பாத்தேன். நீ அது சொல்றதக் கேப்பேன்னு நான் கண்டேனா? நீ என்னைக்கு யாரு சொல்றதக் கேட்டிருக்க?" என்கிறான். உன் அக்கா சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

மூவரும் திடலுக்குப் போனோம். நான் குமிழியை நடுவில் நிறுத்த, வெர்ன் வெறும் காற்றை மட்டும் சொல்வதாக ஏற்பாடு. முடியவில்லை. "வலது ஒண்ணு" என்று ஆரம்பித்து, வாய் தானாக "அரை" என்று முடிக்கிறது. எல்லாம் வலது பக்கம் ஒரு முழம். கடைசியில் உன் ரசமட்டத்தைக் கழற்றி லூயெல்லாவிடம் கொடுத்தேன். அவள் அதைத் தன் துப்பாக்கியில் மாட்டிக்கொண்டாள், திரும்பக் கிடைக்காது. நான் பழையபடி என் கோணலுக்குப் படுத்தேன், வெர்ன் பழையபடி அரை கூட்டிச் சொன்னான், ஆயிரம் கெஜத்துத் தகடு மணி மாதிரி அடித்த சத்தம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் சனிக்கிழமைப் போட்டிக்கு நாங்கள்தான் ஜோடி. நீ வரவேண்டாம், வந்தால் சும்மா பார்க்க வா.

ஆனாலும் கோபம் எனக்கு முழுக்க அடங்கவில்லை. வண்டியில் ஏறும்போது கேட்டேவிட்டேன்: "இத்தனை வருஷமா நான் சாஞ்சு சுடுறேன்னு ஏன்யா சொல்லல?"

வெர்ன் முக்காலியை மடக்கிக்கொண்டே சொன்னான்: "சொன்னா நீ நிமிந்துருவ. அப்புறம் உனக்குக் காத்து யாரு வேணும்னாலும் சொல்லிருவானே."