கொளம் வத்தவே இல்ல

விருந்தாளிகள் முன்னால் பெற்ற பிள்ளையை நிறுத்தி, "மாமாவுக்குப் பாடிக் காட்டு" என்று உயிரை வாங்கும் தாய்மார்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர்களைக் கேலி செய்யும் யோக்கியதையை நான் எப்போதோ இழந்துவிட்டேன். நான் பாடச் சொல்லவில்லை. எழுதிப் படிக்கச் சொன்னேன். இது இன்னும் மோசம்.

அப்போது சரவணம்பட்டியில் எனக்கு ஐ.டி. வேலை. மகள் இனியா இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் பிள்ளையின் மூளையை மழுங்கடிக்கிறது என்று ஒரு நாள் திடீரென்று ஞானம் பிறந்து, வேலையை விட்டேன். அவளையும் பள்ளியிலிருந்து நிறுத்தினேன். இனி வீட்டுக் கல்வி. (என் தகுதி? ராத்திரி பகலாக வீடியோ பார்த்தது.) அதில் பார்த்த ஒரு பயிற்சி முறை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு நீதிக்கதையை ஒரே தடவை வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளை அதைத் தன் சொந்த வார்த்தைகளில் திருப்பி எழுத வேண்டும். நாம் திருத்தக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. கதை மனதில் நிற்பதற்காக என் பங்குக்கு ஒரு விதியும் சேர்த்தேன்: "கதைல வர்றவங்கள உனக்குத் தெரிஞ்ச ஆளா நெனச்சுக்க கண்ணு."

என் கணவரின் அக்கா, எங்கள் பக்கத்து வழக்கப்படி எனக்கு நங்கையா, கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை. குடும்பத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் இருப்பது அவருக்குப் பெரிய மானப் பிரச்சினை. வெள்ளகோவிலிலிருந்து என் மாமனாரையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

"நீ சொல்லித் தர்றத அக்காகிட்டக் காட்டு. அவ ஒத்துக்கிட்டா அப்புறம் யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. இல்லீனா ஜூன்ல அவ ஸ்கூல்தான்" என்றார் கணவர்.

நான் கொக்குக் கதையைத் தேர்ந்தெடுத்தேன். குளம் வற்றப்போகிறது என்று பொய் சொல்லி, நல்ல இடம் காட்டுவதாக மீன்களைத் தூக்கிப்போய்ப் பாறையில் வைத்துத் தின்னும் கொக்கு. பிள்ளையைத் தன் பள்ளிக்குத் தூக்கிப்போக வந்திருக்கும் கொக்கு யார் என்று நங்கையாவுக்கு உறைக்க வேண்டும் என்பது என் திட்டம். (எவ்வளவு நல்ல மனசு பாருங்கள்.)

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் கதையை வாசித்தேன். இனியா பென்சிலைக் கடித்துக் கடித்து எழுதினாள். அதற்குள் நான் ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். "படிச்சு முடிக்கற வரைக்கும் யாரும் குறுக்க பேசக் கூடாதுங்க. தப்பா இருந்தாலும் சரிங்க. அதுதான் முறை."

இனியா எழுந்து நின்று படித்தாள்.

"ஒரு கொளத்துல நெறைய மீனுங்க இருந்துச்சு. சின்ன மீனோட கிளாஸ் ஃபிரண்டு தர்ஷினி மீனு. ஒரு கொக்கு வந்து, இந்தக் கொளம் மோசம், வத்திப்போயிரும், உன்ன நல்ல எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுச்சு."

நங்கையாவின் கையில் ஒப்புட்டு (போளிதான்) வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. நான் வெற்றிக் களிப்பில் இன்னொன்றை அவர் தட்டில் வைத்தேன்.

"கொக்கு ஆபீஸ்ல லேப்டாப்பத் திருப்பிக் குடுத்துட்டு வந்து, மீனத் தூக்கிட்டுப் போச்சு."

நங்கையாவுக்கு ஏது லேப்டாப்?

"போதும் இனியா..." என்றேன்.

"குறுக்க பேசக் கூடாதுன்னு நீதான சொன்ன அம்மணி? நீ படி சாமி" என்றார் மாமனார்.

"பாறைல வேற யாருமே இல்ல. கொக்கு மீனத் திங்கல. தெனமும் ஒரு கதை சொல்லும். முடிச்சதும் எழுதுன்னு சொல்லும். மீனு எழுதுச்சு, எழுதுச்சு, எழுதிக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் எட்டிப் பாத்துச்சு. கொளம் வத்தவே இல்ல."

முதலில் சிரித்தது கட்டிய கணவர். அப்புறம் மாமனாருக்குப் புரையேறியது. சிரிக்காதவர் நங்கையா மட்டும்தான்.

"எழுத்து நல்லா வந்திருக்குது கவிதா. நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கற" என்றார். பிறகு மெதுவாக, "யூனிஃபார்முக்கு அளவு எடுத்துக்கலாமா?" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். பாராட்டிவிட்டாரே, என்ன செய்வது? சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இனியா இப்போது நங்கையாவின் பள்ளியில் ஆறாம் வகுப்பு. இன்றைக்கும் நான் எதையாவது வேண்டாம் என்று வாயெடுத்தால், "ஏனுங்க, கொளம் வத்திருமுங்களா?" என்கிறார் கணவர். கல்யாண வீடுகளில் முகம் தெரியாத உறவுக்காரர்கள்கூட, "கொக்கு வந்திருக்குதுங்களா?" என்று விசாரிக்கிறார்களாம்.

போன பரீட்சையில் அதே கதை வந்திருக்கிறது. நங்கையா பெருமையாக விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினார். கொக்கு ஏமாற்றியது, மீன்களைத் தின்றது, நீதி இன்னது. முழு மார்க். தர்ஷினி இல்லை, லேப்டாப் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், நானும் இல்லை.

"நம்ம கொக்கு எங்க கண்ணு?" என்று கேட்டேன்.

"அது நம்ம ஊட்டுக் கொக்கும்மா. அதையெல்லாம் எழுதுனா மார்க் போயிரும்."