எரித்தால் போச்சு

"எரித்தால் போச்சு" என்றொரு மனித இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். கையில் தீப்பெட்டி, முகத்தில் ஊரையே சுத்தம் பண்ணிவிட்ட பெருமிதம். இங்கே நமக்கு வாய்த்தவர் தபால் நிலையத்தில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். பழைய செருப்பு, கிழிந்த மழைக்கோட்டு, உடைந்த வாளி, வயர் துண்டு என்று அகப்பட்டதையெல்லாம் வாசலில் குவித்து, கொளுத்தி, கையைத் தட்டிக்கொண்டு "போச்சு!" என்பார்.

எங்கே போச்சு?

மாடி வீட்டுத் தையல்காரிக்குத் தெரியும். அது அவள் ஜன்னல் வழியே வந்து, தைத்து மாட்டிய வெள்ளைச் சட்டைகளில் உட்கார்ந்து, மிச்சம் அவள் மகளின் நெஞ்சுக்குள் புகுந்து விசிலடித்தது. ஒருநாள் பொறுக்காமல் இறங்கி வந்தாள்.

"அண்ணே, புள்ளைக்கு மூச்சு இழுக்குது. எரிக்காதீங்க."

"எல்லாம் எரிஞ்சு போச்சும்மா. சாம்பலப் பாரு, ஒரு பிடிகூட இல்ல."

"மிச்சமெல்லாம் எங்கண்ணே?"

"காத்தோட போச்சு."

"காத்து எங்க போச்சு?"

"வாய் நீளம் உனக்கு!"

ஆயுள் முழுக்க முத்திரை குத்தியவர். அனுப்பியதெல்லாம் யாரோ ஒருவர் வாசலில் போய் விழும் என்று அவருக்கா தெரியாது? அணுவுக்குச் சாவு கிடையாது, ஐயா. தீ பட்டதும் பழைய கூட்டை உதறிவிட்டு, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு புதுக் கூட்டுச் சேர்ந்து கிளம்பிவிடுகிறது. மழைக்கோட்டில் இருந்த அணுக்களில் ஒன்றுகூடக் குறையவில்லை: கொஞ்சம் சாம்பலில், மீதி புகையில். வேஷம்தான் வேறு. ஆள் அதே ஆள்.

போன மாதம் எதிர்வீட்டு மாப்பிள்ளை பழைய மெத்தை ஒன்றைக் கொளுத்தினார். புகை நேரே நம்மவர் கூடத்துக்குள். இருமித் துவண்ட பேரனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்.

"யோவ்! புள்ள மூச்சு முட்டிச் சாகுதுய்யா! அறிவிருக்கா?"

"மேல கொண்டாங்கண்ணே, பின்னறையில புகை இல்ல" என்று கூப்பிட்டவள் தையல்காரிதான். பையன் அங்கே படுத்து மூச்சு சீரான பிறகு, ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்:

"எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதாண்ணே?"

"தெரியுதும்மா."

திருந்தினாரா? திருந்தாமல் என்ன! இப்போதெல்லாம் தோள்துண்டைத் தூக்கிப் பிடித்துக் காற்றின் திசை பார்க்கிறார். அடுத்த தெருப் பக்கம் அடித்தால்தான் கொளுத்துகிறார். தையல்காரி மகள் நிம்மதியாகத் தூங்குகிறாள். அங்கே யாருக்கு விசிலடிக்கிறதோ!

நீங்கள் சிரிக்கிறீர்கள். தீக்குச்சியே தொடாத ஆள் நீங்கள், ஒப்புக்கொள்கிறேன். காலையில் குப்பைப் பையை இறுக்கிக் கட்டி வாசலில் வைத்தீர்களே, வண்டி வந்து தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் மனதுக்குள் என்ன சொன்னீர்கள்?




"போச்சு" என்றுதானே?