பதினோராவது டோக்கன்

பன்றிக்கு எந்த மெத்தை சுகம் என்று நோட்டுப் போட்டு ஆராய்ச்சி செய்த ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் டோக்கன் மாமாதான். நம்பாதவர்கள் அந்த நோட்டைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வரலாம்.

மாமா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே இறங்குகிறவர் தன் டோக்கனைப் பலகை ஆணியில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் எடுக்க வேண்டும். சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் மாமா அந்தப் பழக்கத்தை விடவில்லை. பன்றிக் கொட்டகை வாசலில் ஒரு பலகை மாட்டினார். கக்கூஸ் வாசலிலும் மாட்டியிருப்பார், அத்தை விடவில்லை.

போன ஈற்றில் தாய்ப்பன்றி ராணி படுக்கும்போது மூன்று குட்டிகள் நசுங்கிச் செத்தன. அவள் திரும்பக்கூட முடியாத இரும்புக் கூண்டில் அடைக்கச் சொன்னார்கள் எல்லோரும். மாமா எகிறினார்.

"முப்பது வருசம் சுரங்கத்துல கூண்டு மாதிரி கேஜ்ல எறங்கி ஏறுனவன் நானு. புள்ள பெத்துக்கறவள கேஜ்ல போடுவனா? இன்னா பேச்சு இது!"

நோட்டை எடுத்தார். மணல், மரத்தூள், வைக்கோல் மூன்றையும் பரப்பி, ராணி எதில் படுக்கிறாள் என்று நாள்கணக்கில் உட்கார்ந்து எழுதினார். வைக்கோல் ஜெயித்தது, பூதிகோட்டையிலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கம்பி ஓடவிட்டார். ராணி சாய்ந்தால் குட்டிகள் அந்தச் சந்தில் ஒதுங்கிக்கொள்ளும்.

"சுரங்கத்துக்குள்ள டிராலி வந்தா நாங்க ஒதுங்க சுவத்துல குழி இருக்கும் இல்ல? அதே தான்!"

"இந்த வாட்டி ஒண்ணு செத்தாலும் வெல்டரக் கூப்புடுவேன். கூண்டு தான்," என்றார் அத்தை.

ஒரு ஞாயிறு காலை பிரசவம். நான் போனபோது மாமா உள்ளே இருந்தார். ஒவ்வொரு குட்டி விழும்போதும் கையை நீட்டி வாசல் பலகையில் ஒரு பழைய டோக்கனை மாட்டினார். கடைசியில் பலகையை எண்ணும் வேலை எனக்கு.

"மாமா, டோக்கன் பதினொண்ணு. குட்டி எத்தினி?"

"பத்து." மறுபடி எண்ணினார். பத்துதான்.

அத்தையின் முகம் இறுகியது. ராணி படுத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுப்பினால், திரும்பப் படுக்கும்போது இன்னும் எது நசுங்குமோ! மாமா குப்புறப் படுத்து, அவள் வயிற்றுக்கு அடியில் தோள் வரை கையை விட்டார். ராணி உறுமினாள்.

"கடிச்சிடப் போவுதுய்யா, வெளிய வா!" என்று அத்தை கத்தினார்.

வைக்கோலைப் பிடிபிடியாகக் கிளறிப் பார்த்தும் குட்டி இல்லை. அத்தை வெல்டருக்குப் போன் போட்டே விட்டார். மாமா கண் கலங்க, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கை மட்டும் தன்பாட்டுக்கு உயர்ந்து, முதல் ஆணியில் இருந்த டோக்கனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டது.

பலகையில் பத்து.

"அடப்பாவி மனுசா! உன்னையும் சேத்தா மாட்டி வெச்சே?"

அத்தை சிரித்த சிரிப்பில் போனில் வெல்டர் "அலோ, அலோ" என்று அலறினார். "ஒண்ணும் வேணாம்பா, போய் வேலயப் பாரு," என்று வைத்துவிட்டார். திட்டு முழுக்க எனக்குத்தான், எண்ணக்கூடத் தெரியாதா என்று.

மாரிகுப்பத்தில் ரயிலை விட்டு இறங்கி வரும்போது இப்போதும் அந்தப் பலகையைப் பார்ப்பேன். முதல் ஆணியில் டோக்கன் தொங்கினால், "மாமா, ஏறி வாங்க!" என்று குரல் கொடுப்பேன். அந்த ஆணி காலியான பிறகுதான் வீட்டுக்குப் போவேன்.