பிஷப் போட்ட முக்காடு

பிஷப்பின் கொம்புகளில் சால்வை மாட்டிக்கொண்டு தொங்குவதைப் பார்த்ததும் மான்ஸி ஐஸ்பிஸ்டருக்கு முதலில் வந்தது சிரிப்பு. அந்தச் சிரிப்பு தொண்டை வரைதான் வந்தது. மனைவி ஒஸ்லா அவரைக் காவல் வைத்துவிட்டுப் போன சால்வை அல்லவா அது! பதினோரு மணிக்குள் கண்காட்சி ஹாலில் இருக்க வேண்டிய சால்வை!

பிஷப் என்பது பாதிரியார் இல்லை, கடா. தலையின் இரண்டு பக்கமும் சுருண்டு இறங்கும் கொம்புகள், நெஞ்சை நிமிர்த்திய நடை, எதிரில் வருகிறவனைப் பாவியாகவே பார்க்கும் பார்வை. பெயர் தானாக அமைந்துவிட்டது.

காலையில் ஒஸ்லா கிளம்பும்போது மான்ஸி, ஆள் உயரக் கல்சுவர் வட்டத்துக்குள் இருந்தார். ஷெட்லாந்துத் தீவுகளின் வடகோடியில் மரம் என்று ஒன்று நின்றால் காற்று அதைப் பிடுங்கி நார்வேக்கு அனுப்பிவிடும். அதனால் தோட்டம் என்றால் சுற்றிலும் சுவர் எழுப்பி, அதன் நடுவில் முட்டைக்கோசைக் குடிவைப்பதுதான். மான்ஸி இந்த வருடம் குடிவைத்திருந்தது சாதாரண முட்டைக்கோசு அல்ல. கடற்பாசியைத் தின்று தின்று அது வளர்ந்த வளர்த்தியில், மழை வந்தால் இரண்டு ஆட்டுக்குட்டிகள் அதன் இலைக்கடியில் ஒதுங்கும். ஊர்ப் பாதிரியார் வந்து பார்த்தபோது தொப்பியைக் கழற்றிவிட்டார். எடைப் போட்டிக் கோப்பையை வைக்க மான்ஸி அடுப்புக்கு மேலே இடம்கூட ஒழித்து வைத்திருந்தார்.

அவர் அதன் மடிப்புகளில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மான்ஸி, காதுல விழுதா?"

"விழுது, விழுது."

"சால்வையை மரச்சட்டத்துல இழுத்துக் கட்டி விரிச்சிருக்கேன். காஞ்சதும் நூலை அறுத்து, மடிச்சு, பெட்டியில வச்சுப் பதினோரு மணிக்குள்ள ஹாலுக்குக் கொண்டு வந்துரு. ஆடு கிட்ட வராமப் பாத்துக்க."

அதற்குப் பிறகும் ஒஸ்லா என்னவோ நீளமாகச் சொன்னாள். அப்போது ஒரு கொழுத்த புழு இலை நரம்போரமாகத் தப்பி ஓடிக்கொண்டிருந்தது. மான்ஸி இடையிடையே "சரி" போட்டார். கல்யாணமாகிப் பல வருடம் ஆன ஆண்களுக்கு மட்டும் கைவந்த அந்த "சரி". ஒஸ்லாவும் கண்காட்சிக்குத் தேநீரும் ரொட்டியும் செய்யக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒஸ்லாவின் கதை ஊருக்கே தெரியும். மென்பின்னல் சால்வைக்கு முதல் பரிசு எப்போதும் பக்கத்துவீட்டு ஜெமைமாவுக்கு. இரண்டாம் பரிசு எப்போதும் ஒஸ்லாவுக்கு. இரண்டாம் பரிசு அட்டைகளை அவள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைப்பாள். இப்போது கதவில் மரமே தெரிவதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து இரண்டு பேரும் உயிர்த் தோழிகள். ஆனால் கண்காட்சி நடக்கும் ஆகஸ்ட் மாதம் வந்தால் ஒருத்தி சமையலறைத் திரையை மற்றவள் எட்டிப்பார்க்க முடியாதபடி ஊசி குத்தி மூடிவிடுவாள். போன குளிர்காலம் முழுக்க ஒஸ்லா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆட்டின் கழுத்து மயிரை மட்டும் கையால் பறித்து நூற்ற நூலில் பின்னினாள். அந்த நூல் கண்ணுக்குத் தெரியாது. அது இருப்பதாக நம்பித்தான் பின்ன வேண்டும்.

"இந்தத் தடவையும் ரெண்டாவதுன்னா ஊசியெல்லாம் கடலுக்குத்தான்," என்று அவள் ஒருநாள் சொன்னாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லாததுதான் மான்ஸியைப் பயமுறுத்தியது.

இப்போது அந்தப் பயம் மொத்தமும் கொம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

பட்டிக் கதவைத் தாழ் போடாதது யார் என்ற விசாரணையை மான்ஸி பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். கடா சட்டத்தில் முதுகைச் சொறிந்துகொள்ள வந்திருக்கிறது. ஓரத்து வளையங்கள் கொம்பு நுனிகளில் மாட்டிவிட்டன. இன்னும் பாதிச் சால்வை சட்டத்தோடுதான் இருந்தது. மெதுவாகப் போய் ஒரு முனையைப் பிடித்தால் போதும்.

"வாங்க சாமி," என்று குழைந்தபடி மான்ஸி ஒரு முனையைத் தொட்டார்.

சாமி பின்வாங்கியது. இழுத்துக் கட்டியிருந்த நூல் பட் பட்டென்று சட்டம் முழுக்க அறுந்துகொண்டே போனது. சால்வை கடைசி முனை வரைக்கும் விடுதலையாகி, பிஷப்பின் தலையிலிருந்து முதுகு வழியாக வால் வரை மணப்பெண்ணின் முக்காடு போல இறங்கியது.

மான்ஸி ஓடிப்போய்த் தீவனம் போட்ட தகர வாளியை எடுத்து ஆட்டினார். வாளிச் சத்தம் கேட்டால் பிஷப் எங்கிருந்தாலும் வரும். ஆனால் அன்றைக்கு அடித்த காற்று, வாளியைக் கையிலிருந்து பிடுங்கிக் கல்சுவரில் மோதியது. இடி விழுந்தது போல ஒரு சத்தம். பிஷப் முக்காடு பறக்க மலையைப் பார்த்து ஓட்டம் எடுத்தது.

சாலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிப்பி.

"என்னடா மான்ஸி, உன் கடாவுக்கு இன்னைக்குக் கல்யாணமா? ஒரு வார்த்தை சொல்லலியே!"

"வாயை மூடிட்டு நாயை அவுத்து விடுடா! ஒஸ்லா சால்வை அது!"

கிப்பியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. "ஐயோ! நீ செத்த!"

கிப்பியின் நாய் டாலி கெட்டிக்கார நாய். தீவிலேயே அதற்கு நிகர் கிடையாது. கெட்டிக்காரத்தனம்தான் வினையாயிற்று. ஒரு கடாவை மடக்கச் சொன்னால், அது மலையில் மேய்ந்த அத்தனை ஆடுகளையும் மடக்கியது. நாலு குடும்பத்து ஆடுகள் ஒன்றாய்த் திரண்டன. முக்காடு போட்ட தலைவரைப் பார்த்ததும் அவற்றுக்கு என்ன தோன்றியதோ, எல்லாம் பிஷப்பின் பின்னால் வரிசை கட்டின. கூட்டம் மொத்தமும் நேராகக் கடற்பாறை விளிம்புக்குப் போய் நின்றது. அதற்கு அப்பால் கடல்தான்.

"போதும் டாலி! படு! படு!" என்று கிப்பி கத்தினார். நாய் படுத்தது. யாரும் அசையவில்லை.

அப்போதுதான் காற்று சால்வைக்குள் புகுந்தது.

அது எழும்பியது. முதலில் ஒரு மூச்சு விடுவது போல, பிறகு கப்பல் பாய் விரிவது போல. பிஷப்பின் தலைக்கு மேலே, பாறைக்கு மேலே, வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு அது விரிந்து நின்றது. மறைத்தது என்றும் சொல்ல முடியாது. அதன் வழியே கடல் தெரிந்தது, அலைகள் தெரிந்தன, சூரியன் உள்ளே வந்து ஒவ்வொரு கண்ணியிலும் தனித்தனியாக உட்கார்ந்தது. பாறை இடுக்கிலிருந்த பஃபின் பறவைகள் மீனை வாயில் வைத்தபடி விழுங்க மறந்தன. கீழே போய்க்கொண்டிருந்த படகு இஞ்சினை நிறுத்தியது. சாலையில் வந்த கார்கள் நின்றன. ஆட்கள் இறங்கி அண்ணாந்தார்கள்.

மான்ஸிக்கு அன்று வரை சால்வை என்றால் நூலால் கட்டிய ஓட்டைகள். ஒரு ஓட்டைக்கும் இன்னொரு ஓட்டைக்கும் அவர் வித்தியாசம் கண்டதில்லை. இப்போது நிமிர்ந்து பார்த்தார். ஓரமெல்லாம் அலை அலையாக ஓடியது. அதற்கு உள்ளே சிப்பிகள். நடுவில், குளிர்கால ஜன்னலில் உறைபனி படர்வது போலப் பெரணி இலைகள். இதையெல்லாம் ஒரு மனுஷி இரண்டு கையால் செய்திருக்கிறாள்!

"கிப்பி," என்றார். "இது என் வீட்டு ஜன்னலோரமா வளர்ந்திருக்குடா. நான் முட்டைக்கோசைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

"பேசாம இருடா," என்றார் கிப்பி. அவர் எப்போதோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

காற்று கொஞ்சம் இறங்கியது. சால்வையும் இறங்கிக் கடாவின் முதுகில் படிந்தது. பிஷப் விளிம்புப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தது. சாலையில் நின்ற ஒரு பெண் "ஆண்டவரே!" என்றாள்.

அந்த விநாடியில்தான் மான்ஸிக்கு அது உறைத்தது. வாளிச் சத்தத்துக்கு மிரண்டுபோன பிஷப்பைத் திரும்பிப் பார்க்க வைக்கக்கூடிய பொருள் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"கிப்பி, நீ இங்கேயே நில்லு. யாரையும் கிட்ட விடாத."

"எங்கேடா போற?"

மான்ஸி அதற்குள் மலையிறங்கி ஓடிக்கொண்டிருந்தார். கல்சுவர் வட்டத்துக்குள் போனவர், வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். கையில் முட்டைக்கோசு. ஒரு பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கியிருந்தார். எதிரில் வந்தவர்களுக்கு முட்டைக்கோசும் அதற்குக் கீழே இரண்டு கால்களும்தான் தெரிந்தன.

"உனக்குக் கிறுக்கா! போட்டிக்கு வச்சிருந்ததாச்சே அது!" என்று கிப்பி அலறினார்.

"அவ குளிர்காலம் பூரா பின்னினாடா. இது வெறும் இலை."

முதல் இலையைக் கிழித்து நீட்டினார். பிஷப் மூக்கை விடைத்தது. ஒரு அடி முன்னால் வந்தது. தின்றது. அந்தச் சமயம் பார்த்து மான்ஸி ஒரு கையைக் கொம்புப் பக்கம் கொண்டுபோனார். விலாவில் ஒரு முட்டு. முட்டைக்கோசைக் கொடு, கிரீடத்தைத் தொடாதே என்பதுதான் பேச்சு என்று விளங்கிவிட்டது. வேறு வழியில்லை. அடுத்த இலை, ஒரு அடி பின்னால். அதற்கடுத்த இலை, இன்னும் ஒரு அடி பின்னால்.

இப்படியே மலையை விட்டு இறங்கி, சாலையைப் பிடித்து, மான்ஸி பின்பக்கமாகவே நடந்தார். பின்னால் முக்காடு போட்ட பிஷப். சால்வை மண்ணில் படாதபடி வால் பக்கத்து முனைகளை இரண்டு கையிலும் ஏந்தியபடி, மணப்பெண் தோழி போலக் கிப்பி. அவருக்குப் பின்னால் நாலு குடும்பத்து ஆடுகள். அதற்குப் பின்னால் கார்கள், ஹாரன் அடிக்கத் துணியாமல். தீவில் எந்தக் கல்யாணத்துக்கும் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

ஹால் வாசலை அடைந்தபோது மான்ஸியின் கையில் மிஞ்சியது தண்டு மட்டும்.

உள்ளேயிருந்து ஒஸ்லா ஏப்ரனில் கை துடைத்தபடி வெளியே வந்தாள். கடாவைப் பார்த்தாள். சால்வையைப் பார்த்தாள். தண்டைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"மான்ஸி. எங்கேருந்து வர்ற?"

"பாறை உச்சியிலேருந்து! ஒரு கண்ணி அறுகல ஒஸ்லா, சத்தியமா! கோசு போனாப் போகுது. திட்டுறதை வீட்டுல வச்சுத் திட்டு, மணியாகுது!"

ஒஸ்லா திட்டவில்லை. பிஷப்பின் முன்னால் மண்டியிட்டாள். அந்த முரட்டுக் கடா தலையைத் தாழ்த்திக்கொண்டது. கொம்பின் சொரசொரப்பில் சிக்கியிருந்த வளையங்களை அவள் விரல் நுனியால் ஒவ்வொன்றாக விடுவித்தாள். நூலை இழுக்கவில்லை, அது தானாக வரும்வரை காத்திருந்தாள். கூடியிருந்தவர்கள் மூச்சுவிடுவதைக்கூட ஒத்திப்போட்டார்கள். கடைசி வளையம் கழன்றதும் கிப்பிதான் முதலில் இருமினார்.

ஒஸ்லா ஏப்ரன் பையிலிருந்து பன்னிரண்டாம் எண் சீட்டை எடுத்துச் சால்வையின் ஓரத்தில் குத்தினாள். கண்காட்சியில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். மணி அடிக்க ஒரு நொடி இருக்கும்போது கொண்டுபோய் மேஜையில் ஏழாம் எண் சால்வைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நடுவர், லெர்விக் நகரத்திலிருந்து வந்த கண்ணாடி போட்ட அம்மாள். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவர் என்று பெயர். அவர் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி, சால்வையின் ஒரு முனையை அதற்குள் நுழைத்தார். அவ்வளவு பெரிய சால்வை, பாறை மேல் வானத்தை மூடி நின்ற சால்வை, தண்ணீர் போல மோதிரத்துக்குள் ஓடி அந்தப் பக்கம் வந்து விழுந்தது.

"நான் வர்ற வழியில இதை மலை மேல பாத்தேன். காரை நிறுத்திட்டு அழுதேன். மேஜை மேல மடிச்சு வச்சிருந்தா எனக்கு இது இவ்வளவு புரிஞ்சிருக்காது," என்றார் அந்த அம்மாள். "முதல் பரிசு, பன்னிரண்டாம் எண். இரண்டாவது, ஏழாம் எண்."

மான்ஸி தொப்பியை விட்டெறிந்த வேகத்தில் அது உத்தரத்தில் போய் மாட்டிக்கொண்டது. "ஜெயிச்சிட்டோம்! ஒஸ்லா, ஜெயிச்சிட்டோம்!" என்று தண்டை ஆட்டிக்கொண்டு குதித்தார். கிப்பியைக் கட்டிப்பிடித்தார். பிஷப்பைக்கூடக் கட்டிப்பிடிக்கப் போனார்.

ஒஸ்லா கை தட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரையும் விட நன்றாகவே தட்டினாள்.

"என்ன ஒஸ்லா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்குற? சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாரோ அவரிடம் வந்தார்கள். பக்கத்துவீட்டு ஜெமைமா. வலது கையில் முழங்கை வரை புத்தம்புது மாவுக்கட்டு, கழுத்திலிருந்து தூளி. இடது கையால் மான்ஸியின் கையை இறுகப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"மான்ஸி, கை ஒடிஞ்சு கெடக்கேனேன்னு ஒஸ்லா என் சால்வையத் துவைச்சு விரிச்சுப் போட்டாளே, அதுவே பெருசு. நீயோ உன் பொண்டாட்டி மறுபடியும் ரெண்டாவதா வந்தாலும் வரட்டும்னு, உன் கோசையும் குடுத்து அதை மீட்டுக் கொண்டு வந்தியே, உன்ன மாதிரி ஒரு மனுஷன் உண்டா!"