வீரபாண்டியில் ஏழு நாள் பெங்களூர்

நெருப்பெரிச்சல்,
12.6.2005, ஞாயிறு.

பெங்களூர் மாநகரில் மாடி வீட்டில் எழுந்தருளியிருக்கும் எங்கள் தாய்மாமன், கட்டிங் இன்சார்ஜ், உயர்திரு லிங்கசாமி அவர்களின் பாதங்களுக்கு மருமகன் குகன் குனிந்து வணங்கி, இடுப்புப் பிடித்துக்கொண்டதால் நிமிர முடியாமல் அதே நிலையில் எழுதும் கடிதம். அத்தை நலமா, குழந்தைகள் நலமா என்று நான் விசாரித்ததாகவும், நீங்கள் நலம் என்று சொன்னதாகவும் வைத்துக்கொள்வோம். இங்கே நலம் அரை ஷிப்ட்தான் ஓடுகிறது. அதுவும் கரண்ட் இருந்தால்.

முதற்கண் ஒரு துயரச் செய்தியை அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். நம் வீட்டு டி.வி. ரிமோட்டின் பின்மூடி கடந்த வியாழக்கிழமை மாலை ஆறேகால் மணியளவில் இயற்கை எய்தியது. (இயற்கை என்பது அக்காவின் முழங்கால்.) அன்னார் விட்டுச்சென்ற பேட்டரிகள் இரண்டும் ஜட்டி எலாஸ்டிக்கால் கட்டப்பட்டு, ஆதரவற்ற நிலையிலும் பணியில் உள்ளன. சடங்குகள் ஏதும் வேண்டாமென்று குடும்பத்தார் முடிவு செய்துவிட்டதால் நீங்கள் இதற்காகப் புறப்பட்டு வர வேண்டியதில்லை.

இரண்டாவது செய்தி சின்னச் செய்திதான். அப்பா உங்கள் கம்பெனி வேலைக்கு வரவில்லை.

இந்த ஒரு வரியோடு முடித்துக்கொண்டு நான் போய்ப் படுத்திருக்கலாம். ஏழு நாள் அலைச்சலில் எனக்கு ஏழு கழுதை வயசாகிவிட்டது. ஆனால் நீங்கள் காரணம் கேட்பீர்கள். கேட்க உரிமையும் உண்டு. போன மாதம் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டு, "மச்சான், அங்க வாரம் ஆயிரத்தி எழுநூறு வாங்கீட்டு எத்தன நாளைக்கு இருப்பீங்க? இங்க மாசம் பன்னெண்டாயிரம். சத்யப்பிரியாவ நர்சிங் சேத்தோணும்ல? கட்டிங் மாஸ்டர் போஸ்ட் உங்களுக்குன்னே புடிச்சு வெச்சிருக்கறேன். ஊரு எல்லாத்துலயும் அட்வான்ஸுங்க" என்று நீங்கள்தானே ஆரம்பித்தீர்கள்? நீங்கள் சொன்ன அட்வான்ஸ், வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதனால் குடும்பத்தோடு வருவது முடியாது, அப்பா மட்டும் வந்து ரூமில் தங்குவது, மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவது என்று பேச்சாயிற்று. அப்பா வந்தால் அக்கா கோயமுத்தூரில் நர்சிங் படிப்பாள். வராவிட்டால் அடுத்த வாரமே பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போவாள். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இவ்வளவுக்கு மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அம்மா ஒரு நாள் "போங்க" என்றது, மறுநாள் "போயித்தான் ஆகோணுங்களா?" என்றது. அக்கா ஒரே பாத்திரத்தை மூன்று தடவை விளக்கினாள். நான் மட்டும்தான் தெளிவாக இருந்தேன். அப்பா போனால் டி.வி. எனக்கு, டி.வி.எஸ். எனக்கு, வீட்டுக்கு ஆம்பளை நான் என்று மூன்று தீர்மானங்களை மனசுக்குள் ஒருமனதாக நிறைவேற்றி வைத்திருந்தேன்.

இழுபறி தாங்காமல் அப்பாதான் ஒரு வழி சொன்னார். தொழில்காரர் இல்லையா, தொழில் புத்தியில் சொன்னார்.

"ஏம்புள்ள, ஒரு பீஸ் சாம்பிள் போட்டு, பையர்கிட்ட ஓ.கே. வாங்காம பத்தாயிரம் பீஸ் வெட்டுவமா? வெறுந்துணிக்கே சாம்பிள் கேக்கறான். குடும்பத்த வெட்டறதுக்கு முன்னாடி ஒரு சாம்பிள் போட வேண்டாமா?"

"வெட்டறது கிட்டறதுன்னு வெள்ளிக்கெழமையும் அதுவுமாப் பேசாதீங்க" என்று அம்மா விளக்கைத் தூண்டிவிட்டது. ஆனால் சாம்பிள் என்ற வார்த்தை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஊரே சாம்பிளில் பிழைக்கிறது, நாங்கள் மட்டும் பிழைக்க மாட்டோமா? ஆகவே மாமா, ஜூன் ஐந்து முதல் பதினொன்று முடிய, அப்பா வீரபாண்டியில் பெங்களூர் வாழ்க்கை வாழ்ந்தார்.

ஏன் வீரபாண்டி என்றால், உங்கள் கம்பெனிக்கு ரூமிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும் என்றீர்கள். வீரபாண்டியிலிருந்து நெருப்பெரிச்சலில் அப்பா வேலை பார்க்கும் கம்பெனிக்கும் இரண்டு பஸ் மாற வேண்டும். அளவு பொருந்தியது. அப்பாவோடு முன்பு வேலை செய்த ராக்கையா அண்ணனுக்கு அங்கே லைன் வீடு இருக்கிறது. ஒரு ரூம் காலியாக இருந்தது. அக்கா ஒரு தாளில் சட்டதிட்டம் எழுதினாள். வீட்டிலிருந்து சோறு போகக் கூடாது. அப்பா வீட்டுக்கு வரக் கூடாது. டீ குடித்தால் பெங்களூர் விலை என்று இன்னொரு டீக்கான காசைத் தகர டப்பாவில் போட வேண்டும். இதையெல்லாம் மேற்பார்வை பார்க்கும் குவாலிட்டி செக்கராக, சம்பளமில்லாமல், வேறு ஆள் கிடைக்காததால், நான் நியமிக்கப்பட்டேன். ஒத்திகை என்று பெயர். ஒத்தைக் கை சமையல் என்று நான் பொருள் கொண்டேன்.

முதல் நாள் அப்பா வெங்காயம் வெட்டினார். எண்பது லேயர் துணியை ஒரே ஓட்டத்தில், ஒரு நூல் பிசகாமல் வெட்டுகிற கை, மாமா! ஒரு வெங்காயத்திடம் தோற்றுவிட்டது. ஒரு துண்டு தேங்காய்ப் பத்தை அளவு, இன்னொன்று நூல் அளவு. "சைஸ் செட்டே வரலீங்களே" என்றேன். "பேசாம ஓடிரு கண்ணு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்புறம் மண்ணெண்ணெய் ஸ்டவ் பற்றவே இல்லை. தீப்பெட்டி தீர்ந்ததுதான் மிச்சம். திரியைக் காணோம், உள்ளே போய்விட்டது. பெங்களூரின் முதல் இரவு உணவு, ஒரு டசன் வாழைப்பழம். மறுநாள் அலாரம் ஒரு மணி நேரம் பிந்தி அடித்து, பஸ்ஸைத் தவறவிட்டு, இருபது வருஷத்தில் முதல் தடவையாக அப்பா கம்பெனிக்கு லேட்டாகப் போனார். செவ்வாய்க்கிழமை எப்படியோ ஸ்டவ்வைச் சரி செய்து சாம்பார் வைத்தார். அதில் உப்பு எவ்வளவு என்றால், தூத்துக்குடிப் பக்கம் அவ்வளவு இருக்காது. புதன்கிழமை குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நின்றுவிட்டது. சோப்பு நுரையோடு கதவிடுக்கில் தலையை நீட்டி, "ராக்கையா, மோட்டார் போடப்பா" என்று கூப்பிட்டால், ராக்கையா அண்ணன் வாசலில் கைகட்டி நின்றுகொண்டு, "நா ராக்கையா இல்லீங்க, பெங்களூர் ஓனருங்க. தண்ணி நாளைக்குத்தானுங்க" என்கிறார். நேற்றுவரை தோளில் கைபோட்டுத் திரிந்த மனிதர்! ஓனர் வேஷம் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. விருந்தாளி வரக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, அசைவம் ஆக்கக் கூடாது என்று அவராகவே சட்டம் சேர்த்துக்கொண்டே போனார். அவர் வீட்டில் அன்றைக்குக் கோழிக் குழம்பு.

அம்மா கதை தனி. முதல் நாளிலிருந்தே நாலு பேருக்குச் சோறு ஆக்கியது, பழக்கம். மிஞ்சியதைத் தூக்குப்போசியில் போட்டு, அக்காவுக்குத் தெரியாமல் என்னிடம் கொடுத்து, "சாமி, அப்பன் பசி தாங்க மாட்டாரு, குடுத்துட்டு வந்துரு" என்றது. நான் சட்டத்தைக் காக்க வேண்டியவன். தாய் சொல்லையும் தட்ட முடியாது. ஆகவே வழியில் நொய்யல் பாலத்தோரம் வண்டியை நிறுத்தி நானே சாப்பிட்டுவிட்டு, காலிப் போசியைக் கொண்டுவந்து கொடுத்தேன். "நல்லாச் சாப்டாங்களா?" என்று கேட்டது. "வழிச்சுச் சாப்டாங்க" என்றேன். பொய் இல்லை, ஆள்தான் வேறு. ஒரு நாளைக்கு இரண்டு ராத்திரிச் சோறு தின்று வயிறு ஒரு பக்கம், போகவர இருபது கிலோமீட்டருக்கு மேல் டி.வி.எஸ். ஓட்டி முதுகு ஒரு பக்கம் என்று நான் தேய்ந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை காலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா கம்பெனிக்கு வரும் இரண்டாவது பஸ், நம் தெரு முனையில்தான் நிற்கும். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றது. குழாய் இருப்பது எதிர்த் திசையில். நானும் பின்னாலேயே போனேன். அப்பா இறங்கினார். ஒரு கை நீளம், ஒரு கை குட்டையான ரிஜெக்ட் டீசர்ட், இஸ்திரி இல்லை. சவரம் பண்ணவில்லை. அம்மாவைப் பார்த்துவிட்டு, வழியில் போகிறவர்களிடம் தலையாட்டுவோமே, அப்படி ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு நடந்தார்.

"ஏனுங்க" என்றது அம்மா. "சாப்டீங்களா?"

அப்பா நின்றார். திரும்பவில்லை. "ஏம்புள்ள, நா பெங்களூர்ல இருக்கறேன். நீ இங்கிருந்து கேட்டா அங்க எப்படிக் கேக்கும்?"

"சத்தமாக் கேக்கட்டுங்களா?"

"வேண்டாம். ஊரே பாக்கும்." இரண்டடி நடந்தவர் மறுபடி நின்று, "சாப்ட்டேன்னு சொல்லிரு" என்றார். யாரிடம் சொல்லச் சொன்னார் என்று தெரியவில்லை. அம்மா காலிக் குடத்தோடு வீட்டுக்கு வந்து, அதை ஓரமாக வைத்துவிட்டு, காலையிலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டது. அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் அசதியாக இருந்தது. வெயில்.

நேற்று சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு அப்பா வீடு திரும்பினார். இளைத்துப்போய், கைவிரலில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரியோடு. ஆகவே சாம்பிள் ரிஜெக்ட். தனியாகச் சமைக்கவும், தனியாக எழவும், தனியாகக் குளிக்கவும் தெரியாத ஒருவரை நீங்கள் பெங்களூருக்குக் கூப்பிட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அவர் சாக்பீஸில் சைஸ் நம்பர் போடுவாரே தவிர கடிதம் எழுதிப் பழக்கமில்லாததால், எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார். உங்கள் மேனேஜரிடம் பக்குவமாகச் சொல்லி, அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளவும். இது பற்றி அப்பாவிடம் போனில் கேட்க வேண்டாம், மனிதர் கூச்சப்படுவார். எனக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவர் போனாலும் நான் இப்படித்தான் இருப்பேன், போகாவிட்டாலும் இப்படித்தான் இருப்பேன். நான் கல்.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், கன்னத்தைக் கழுவிவிட்டுக் கொடுக்கவும். முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், நிற்காத தண்ணீரும், ராக்கையா அண்ணன் மாதிரி இல்லாத ஓனரும் அருள்வானாக.

இப்படிக்கு,
அடக்கமே உருவான மருமகன்,
குகன்.

பின்குறிப்பு: மாமா, மேலே இருப்பதை நம்பாதீங்க.

கவரை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து, "தபால் பெட்டிக்குத்தான போற, இதையும் போட்டுரு" என்று நர்சிங் காலேஜ் விண்ணப்பத்தைக் கொடுத்தாள். "எழுத்துப் பிழை இருக்கான்னு ஒரு தடவ பாத்துரு" என்றாள். பார்த்தேன். தந்தையின் தொழில், கட்டிங் மாஸ்டர். பணிபுரியும் இடம், பெங்களூர். பேனாவில் எழுதியிருக்கிறாள். பென்சிலாக இருந்தால்கூட என்னென்னவோ யோசித்திருப்பேன், நான் அப்படிப்பட்டவன்தான். ஆனால் பேனா. பிழையே இல்லைன்னு சொல்லிட்டேன்.

ஸ்டவ் திரியை உள்ளே தள்ளியது நான். அலாரத்தைத் திருப்பி வைத்தது நான். சாம்பாரில் இரண்டாவது உப்பு நான். ராக்கையா அண்ணன் காதில் ஓனர் மாதிரி நடந்துகொள்ளச் சொல்லி, மோட்டாரை நிறுத்தச் சொன்னதும் நான். (அசைவச் சட்டம் மட்டும் அவர் சொந்தச் சரக்கு.) இவ்வளவு செய்தும் அப்பா அசையவில்லை. திரியை ஊக்கால் இழுத்துச் சரி பண்ணினார். பக்கத்து ரூம்காரரை எழுப்பிவிடச் சொன்னார். வியாழக்கிழமை அவர் வைத்த ரசத்தை ராக்கையா அண்ணனே டம்ளரில் வாங்கிக் குடித்தார். டீ டப்பாவில் ஒரு பைசா குறையவில்லை. நேற்று வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு, "விண்ணப்பத்தப் போடு கண்ணு" என்றார். என்னிடம் எழுதச் சொன்னது இவ்வளவுதான்: "வந்தர்றேன் மாப்பிள்ள. மேனேஜர்கிட்டச் சொல்லிருங்க." அந்த ரெண்டு வரியை எழுத மனசு வராமல்தான் நான் இத்தனை எழுதினேன்.

சாம்பிள்ல ரிஜெக்ட் ஆனது நான்தானுங்க. முதல் நாள் டியூசனுக்குப் போகாம இருந்தேன். ஏன் போகலைன்னு கேக்க ஆளில்லை. ரெண்டாம் நாள் நானாவே போயிட்டேன். தினமும் வீரபாண்டிக்குப் போனது மேற்பார்வைக்கு இல்லை. சும்மா அவர் ரூம் வாசப்படியில உக்காந்துட்டு வர்றதுக்கு.

அவர் முப்பதாம் தேதி காலை ரயிலில் வந்து இறங்குகிறார். மறுநாள் வேலையில் சேர்ந்துகொள்வார். ஸ்டேஷனுக்கு நீங்களே வாங்க மாமா. பஸ் நம்பர் கன்னடத்தில் இருந்தால் கேட்கக் கூச்சப்பட்டு நடந்தே வந்துவிடுவார். அப்புறம், ஞாயிற்றுக்கிழமையானா சாயங்காலம் பக்கத்து வீட்டு நம்பருக்கு அப்பாவை ஒரு போன் போடச் சொல்லுங்க. அம்மா, அக்காகிட்டப் பேசி முடிச்சதும் என்கிட்டயும் குடுக்கச் சொல்லுங்க. பேச ஒண்ணுமில்லாட்டிப் பரவாயில்லை, ரெண்டு திட்டு திட்டட்டும். திட்டறதுக்கு வேண்டியதை அந்தந்த வாரம் நான் இங்கே தயார் பண்ணி வெச்சர்றேனுங்க.